வழிபாட்டுத் தலம் கட்ட யாரிடம், எந்த வரிசையில் அனுமதி வாங்க வேண்டும்?

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு கிறிஸ்தவ சபையின் செயலாளர் கேட்டிருக்கிறார். பல வருஷமாகத் தகரக் கொட்டகையில்தான் ஆராதனை நடக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் எட்டு சென்ட் புஞ்சை நிலத்தைத் தானமாகத் தர முன்வந்திருக்கிறார். "பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிவிடலாம்" என்று ஊரில் சொல்கிறார்களாம். அது சரியா, கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இதே சட்டம்தானா என்பது கேள்வி.

சரியில்லை. தயவுசெய்து வானம் தோண்டாதீர்கள். வீடு கட்டுவதற்கும் பொது வழிபாட்டுக்கான கட்டடம் கட்டுவதற்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வழிபாட்டுத் தலம் என்றால் மாவட்டக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். 1997ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளில் இது வெளிப்படையாகவே இருந்தது. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கலெக்டர் கருதினால் அனுமதி மறுக்கலாம் என்றும் அதே விதி சொன்னது. இப்போது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றுக்கும் பொதுவாக 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்துவிட்டன. கலெக்டர் அனுமதி என்ற நிபந்தனை மட்டும் அப்படியே தொடர்கிறது. மதத்துக்கு மதம் இதில் வேறுபாடு கிடையாது. கோவில், கிறிஸ்தவ ஆலயம், பள்ளிவாசல் எல்லாமே "பொது வழிபாட்டுக்கான கட்டடம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் தருவது கட்டட அனுமதி. அது கடைசிப் படி. முதல் படியைத் தாண்டாமல் கடைசிப் படியில் ஏறி நின்றால், எதிர்ப்புத் தெரிவித்து ஒருவர் மனு கொடுத்த மறுநாளே தாசில்தாரும் போலீசும் வந்து வேலையை நிறுத்துவார்கள். பில்லர் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கும் கட்டடங்களை இந்தப் பக்கம் சுற்றிய யாரும் பார்த்திருப்பார்கள். பீடி சுற்றும் பெண்கள் வாரக்கூலியில் எடுத்துவைத்துக் கொடுத்த காசு அது. மும்பையில் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசு அது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். என் அனுபவத்தில் அனுமதி கிடைக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் நிலம்தான், மதச் சண்டை அல்ல.

முதலில், வாய்ச்சொல்லாகத் தந்த தானம் செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. அசையாச் சொத்தைத் தானம் கொடுத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த தானப் பத்திரம் இருக்க வேண்டும். கொடுப்பவருக்கு அது தனிச் சொத்தா, பூர்வீகச் சொத்தா என்று பாருங்கள். பூர்வீகம் என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட வேண்டும், கட்டிக்கொடுத்துவிட்ட பெண்பிள்ளைகள் உட்பட. "தங்கச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்று அண்ணன் சொல்வார். தங்கச்சி சொல்லாமல் இருக்கலாம், பத்து வருஷம் கழித்து அவள் மகன் வழக்குப் போடுவான். நிலம் ஆலயத்துக்கு என்று ஆன பிறகு வரும் பாகப்பிரிவினை வழக்கைவிடச் சங்கடமானது வேறு இல்லை.

இரண்டாவது, யார் பெயருக்குப் பத்திரம்? போதகர் பெயரிலோ, பூசாரி பெயரிலோ, ஊர்ப் பெரியவர் பெயரிலோ வேண்டவே வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பிறகு அது அவர் வாரிசுகளின் சொத்து. ஒரு டிரஸ்ட் பதிவு செய்யுங்கள், அல்லது 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலம், பாளையங்கோட்டை மறைமாவட்டம் போன்ற பெரிய அமைப்புகளைச் சேர்ந்த சபை என்றால் அவர்களுக்கென்று சொத்துக்களை வைத்திருக்கும் ஏற்பாடு உண்டு, அவர்கள் வழிதான் போக வேண்டும். பள்ளிவாசல் என்றால் வக்பு, அதாவது இஸ்லாமிய அறக்கொடைச் சொத்து. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வக்புப் பத்திரம் எழுதாமல் புதிதாக வக்பு உருவாக முடியாது. வாய்மொழியாக அர்ப்பணித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கம் இனி உதவாது.

மூன்றாவது, பட்டாவை மட்டும் நம்பாதீர்கள். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, எப்.எம்.பி. எனும் புல அளவை வரைபடம் இவற்றை இணையத்திலேயே எடுத்துவிடலாம். முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் தாலுகா ஆபீசில் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பாருங்கள். 1980களை ஒட்டி நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்களில் நிறையத் தவறுகள் நேர்ந்தன. இன்றைய பட்டாவில் தனியார் புஞ்சை என்று இருக்கும், பழைய பதிவேட்டில் அதே இடம் ஓடைப் புறம்போக்கு என்றோ களம் என்றோ இருக்கும். எதிர்ப்பவர்கள் முதலில் தேடி எடுப்பது அந்தப் பழைய பதிவேட்டைத்தான். அவர்களுக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

அதில் இன்னொன்றும் தெரியவரும். அந்த நிலம் ஆங்கிலேயர் காலத்தில் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, நிலமற்றவருக்கு அரசு கொடுத்த ஒப்படைப்பு நிலமா, பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமா என்பது. பஞ்சமி நிலத்தை ஆதிதிராவிடர் அல்லாதவருக்கு மாற்றவே முடியாது. ஒப்படைப்பு நிலத்துக்கு வேறு நிபந்தனைகள் இருக்கும். கோவில் நிலம், வக்பு நிலம் என்று பதிவுத்துறையில் குறித்துவைத்த புல எண்ணாக இருந்தால் பத்திரமே பதிவாகாது.

புறம்போக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் சீமையில் சுடலைமாடனுக்கும் இசக்கி அம்மனுக்கும் பீடம் இருப்பது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, குளத்தங்கரையில், ஓடைக்கரையில், சுடுகாட்டு வழியில். அந்தச் சாமிகளின் இடமே அதுதான். மண் பீடமாக இருந்த வரை யாரும் கேட்கவில்லை. பிறகு சிமெண்ட் பீடமாகிறது, மேலே தகரம் வருகிறது, கொடைத் திருவிழாவுக்கு வசதியாகச் சுற்றிலும் சுவர் எழும்புகிறது, அப்புறம் கான்கிரீட் மண்டபம். எந்த இடத்தில் வழிபாடு ஆக்கிரமிப்பாக மாறியது என்று கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களுக்கே தெரிவதில்லை. சட்டத்தின் பார்வையில் இது கடினமான விஷயம். 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, பொதுத் தெரு, பொதுப் பூங்கா, மற்றப் பொது இடங்களில் எந்த மதத்தின் பெயராலும் அனுமதியற்ற புதுக் கட்டுமானம் கூடாது என்கிறது. ஏற்கெனவே இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கும்படி மாநிலங்களிடம் விட்டது. குளம், கால்வாய் என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏரி, குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவுமே இருக்கிறது. ஆகவே பழைய பீடம் பழைய பீடமாக இருக்கட்டும். கும்பிடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. மண்டபம் வேண்டுமென்றால் பக்கத்துப் பட்டா நிலத்தை வாங்கி அதில் கட்டுங்கள். குலதெய்வக் கோவில் கமிட்டிகளிடம் நான் இதைத்தான் சொல்லி வருகிறேன், கேட்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

செயலாளர் சொன்னது புஞ்சை நிலம். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி வேண்டும். நகர வளர்ச்சித் திட்டம் போட்ட பகுதிக்கு வெளியே இருக்கும் கிராமம் என்றால் 2017ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளின்படி நகர் ஊரமைப்புத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். புஞ்சைக்கு இது பெரிய சிரமம் இல்லை. நன்செய் என்றால் வேளாண் துறையின் கருத்தும் கலெக்டரின் இசைவும் கேட்பார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு பூ (போகம்) விளையும் வயலை ஆலயத்துக்கோ கோவிலுக்கோ மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. மனையாகப் பிரித்து விற்ற இடம் என்றால் அந்த மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அங்கீகாரமில்லா மனைகளுக்குத்தான் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் பொருந்தும்.

பாதையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எட்டு சென்டுக்குப் போகும் வழி யாருடைய நிலத்தில் போகிறது? அடுத்தவர் வரப்பு மேல் நடந்து போகும் பழக்கம் என்றால், அது வாரம் ஒரு முறை நாலு பேர் போகும் வரைதான் பழக்கம். சபையின் பொது விருந்தான அசனப் பண்டிகையன்று அண்டாக்களை ஏற்றிய வேனும் ஊர் முழுக்கக் கூட்டமும் வரும்போது அது சண்டை. பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் பாதையையும் சேர்த்துக் கிரயம் பண்ணுங்கள்.

இனி கலெக்டர் அனுமதி. உங்கள் கிராமம் எந்த மாவட்டம் என்று சொல்லத் தேவையில்லை, நாங்குநேரி திருநெல்வேலியில்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய நெல்லை மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. சாத்தான்குளத்துக்காரர் தூத்துக்குடி கலெக்டரிடமும், சுரண்டைக்காரர் தென்காசி கலெக்டரிடமும் போக வேண்டும். கோப்பு பழைய மாவட்டத்தில் இருந்தால் அது மாற்றப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, டிரஸ்ட் பத்திரம், கட்டட வரைபடம், சுற்றுப்புற வரைபடம் எல்லாம் கொடுக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸிலிருந்து அது கீழே இறங்கும். கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. என்று வருவாய்த் துறை வழியாக ஒரு அறிக்கை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வழியாக உங்கள் காவல் நிலையத்திலிருந்து ஒரு அறிக்கை. உள்ளாட்சியிடமிருந்தும் நகர் ஊரமைப்புத் துறையிடமிருந்தும் கருத்து. இடத்தைப் பொறுத்துத் தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறையிடமும் கேட்பார்கள். இந்தக் காகிதங்கள் மேலே ஏறி வரும்போதுதான் மாதங்கள் கழிகின்றன.

அந்த அறிக்கைகளில் என்ன எழுதுவார்கள்? அந்த மதத்தைச் சேர்ந்த எத்தனை குடும்பம் ஊரில் இருக்கிறது, பக்கத்தில் வேறு என்னென்ன வழிபாட்டுத் தலங்கள், எவ்வளவு தூரத்தில், சப்பரமோ தேரோ சந்தனக்கூடோ அந்தத் தெரு வழியாகப் போகிறதா, முன்பு ஊரில் சாதி, மத வழக்குகள் உண்டா, அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கிறார்களா. இது ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கப்படுகிறது என்று கேட்டால், இந்தச் சீமையின் வரலாறுதான் காரணம். 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் பலர் இஸ்லாத்துக்கு மாறியது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1982 மார்ச்சில் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே மண்டைக்காடு கலவரம். அதை விசாரிக்க நீதிபதி வேணுகோபால் ஆணையம் போட்டார்கள். அதற்கெல்லாம் பிறகு இங்கே வழிபாட்டுத் தலக் கோப்பை எடுக்கும் எந்த அதிகாரியும் பேனாவை யோசித்துத்தான் திறக்கிறார். அதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் நீங்களே முன்கூட்டிப் பதில் எழுதிக் கொடுங்கள். சுற்றுப்புற வரைபடத்தில் பக்கத்துக் கோவிலை மறைக்காமல் குறியுங்கள். தூரத்தை அளந்து எழுதுங்கள். மறைத்தால் காவல் அறிக்கையில் அது வேறு தொனியில் வரும். நான்கு பக்கத்து நிலக்காரர்களிடமும் எழுத்தில் இசைவு வாங்குங்கள். அதற்கு முன்னால், காகிதம் இல்லாமல் வெறும் கையோடு போய்ப் பேசுங்கள். "அண்ணாச்சி, இந்த மாதிரி கட்டப்போறோம், உங்களுக்கு என்ன சிரமம் வரும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்லும் சிரமம் மைக் சத்தம், வண்டி நிறுத்துவது, கழிவுநீர் இந்த மூன்றில் அடங்கிவிடும். மூன்றுக்கும் வரைபடத்திலேயே தீர்வு உண்டு. ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கும், வண்டி எங்கே நிற்கும், உறிஞ்சுகுழி எங்கே என்று காட்டிவிடுங்கள். சட்டம் கேட்காத இந்த ஒரு நடைதான் மற்ற எல்லாக் காகிதத்தையும்விட வேலை செய்யும்.

எதிர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு வழிபாட்டு உரிமையைத் தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு. 26ஆம் பிரிவு சமய அமைப்புகள் நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தும் உரிமையைத் தருகிறது. நாலு பேர் மனுக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் காரணம் காட்டி மறுப்பது போதாது, அதிகாரி தானே ஆராய்ந்து காரணத்தை எழுத வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பது. மறுப்பு வந்தால் எழுத்துபூர்வமான உத்தரவாக வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடலாம். பதிலே வராமல் கோப்பு கிடந்தாலும், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி அங்கே கேட்கலாம். ஆனால் கட்டிவிட்டுப் போய் நிற்பவரையும் கட்டாமல் போய் நிற்பவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்க்காது.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அதில் "வீடு" என்று வாங்கி ஜெபக்கூடமாகவோ மடமாகவோ கட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். செய்யாதீர்கள். அது குடியிருப்புக்கு மட்டுமான திட்டம். பொய்யான சான்று கொடுத்தவராகிவிடுவீர்கள், கட்டடமும் பயன்பாட்டு மீறல் ஆகிவிடும். குடும்பத்தோடு வீட்டில் ஜெபிப்பதற்கோ பூஜை செய்வதற்கோ தொழுவதற்கோ யார் அனுமதியும் வேண்டாம். பெயர்ப்பலகை வைத்து, மைக் கட்டி, ஊரை வரவழைத்து வாராவாரம் கூடுவது பொது வழிபாடு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இடத்தைப் பொறுத்து இன்னும் சில துறைகள் வரும். உங்களுக்கு இவை பொருந்தாவிட்டாலும் மற்றவர்களுக்குப் பயன்படும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடலோர ஊர்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. அதிலும் கடலை ஒட்டிய பகுதியில் புதுக் கட்டடம் அநேகமாக முடியாது. மலையடிவார ஊர்களில் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்று பாருங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறதே, நாமும் காட்டுக்குள் கட்டலாமே என்றால் முடியாது. அங்கே ஆடி அமாவாசைக்குக் கூடுவதற்கே வனத்துறை நாள் குறித்துக் கட்டுப்பாடு வைக்கிறது. ஆதிச்சநல்லூர் போன்ற மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட இடம் பக்கத்தில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் சுற்றுவட்டாரத்தில் உயரமான கோபுரம் எழுப்ப விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று வேண்டும். ரயில் பாதை எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று. நான்குவழிச் சாலையிலிருந்து நேராக வாசல் திறக்க நெடுஞ்சாலைத் துறை அனுமதி.

நீர் வரத்து எல்லோருக்கும் பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பழைய ஓடை எங்கெங்கே ஓடியது என்று அந்த வெள்ளம் வரைந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் எட்டு சென்டில் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்று ஊரில் விசாரித்து, தரைமட்டத்தை அதற்கு மேல் வையுங்கள். குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே நின்று வெள்ளத்தைத் தாங்குகிறது என்றால் அது பாறை மேல் கல்லால் கட்டியது. நம் செங்கல் சுவருக்கு அந்தத் தெம்பு இல்லை.

கலெக்டர் அனுமதி வந்த பிறகு திட்ட அனுமதிக்கும் கட்டட அனுமதிக்கும் ஒற்றைச் சாளர இணையதளத்தில், பதிவு பெற்ற பொறியாளர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

வழிபாட்டுத் தலம் என்பது கூட்டம் கூடும் கட்டடம். தேசியக் கட்டட விதித்தொகுப்பும் அப்படித்தான் வகைப்படுத்துகிறது. ஆகவே அழகை விடவும் முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் வழி. எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு அகலமான வாசல், கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து பக்கவாட்டு வாசலுக்கு கிரில் போட்டுப் பூட்டிச் சாவியை ஒருவர் வீட்டில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். குறுகலான வழியும் கூரையும் என்ன செய்யும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். மெழுகுவர்த்தி, சூடம், எண்ணெய் விளக்கு, சீரியல் பல்பு எல்லாம் புழங்கும் இடம் இது. வாசலில் சாய்தளம் கட்டாயம், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சரிவில். நம் ஆலயங்களுக்கும் கோவில்களுக்கும் தவறாமல் வருபவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள். ஆண், பெண் கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு மூன்றையும் வரைபடத்திலேயே காட்ட வேண்டும்.

கோபுரத்தைக் கொத்தனார் கைக்கணக்கில் எழுப்பாதீர்கள். மானூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், சாதாரண அஸ்திவாரம் வெடித்துவிடும். மண் பரிசோதனை செய்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் கம்பிக் கணக்கு வாங்குங்கள். திசையன்விளை, ராதாபுரம் கடலோரத்தில் ஆழ்துளைத் தண்ணீர் உப்பாக இருந்தால் கான்கிரீட்டுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே கம்பி அரித்துப்போகும். வரைபடத்தில் கோபுரத்தின் உச்சி, அதன் மேல் சிலுவையோ கலசமோ பிறையோ வருவது வரை முழு உயரத்தையும் காட்டுங்கள். உச்சியில் இடிதாங்கி அவசியம்.

ஆலய வளாகத்தில் கல்லறைத் தோட்டமும் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அது தனி அனுமதி. ஊராட்சிகளில் புதிய இடுகாடு குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் வரக் கூடாது என்று விதி இருக்கிறது. எட்டு சென்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. அந்த யோசனையை விண்ணப்பத்தில் ஒரு வரியாகக்கூட எழுத வேண்டாம், எழுதினால் ஆட்சேபணை உறுதி.

அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோவில் என்றால் வழி வேறு. அங்கே மண்டபம் கட்டுவதோ திருப்பணியோ துறையின் அனுமதி, மதிப்பீடு, வல்லுநர் குழுவின் ஒப்புதல் இவற்றோடுதான் நடக்கும். உபயதாரர் பணம் இருக்கிறது என்று நேராகக் கொத்தனாரைக் கூட்டிப்போக முடியாது. பழைய கல்மண்டபத்தை இடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டியது போதும், இனியாவது அந்தக் கட்டுப்பாட்டை மதிக்க வேண்டும் என்று உரக்கவே சொல்கிறேன்.

பணம் வசூலிப்பதைப் பற்றி: கலெக்டர் உத்தரவு கையில் வரும் வரை பொது வசூல் தொடங்காதீர்கள். அதுவரை ஆகும் செலவு பத்திரம், அளவை, வரைபடம் இவற்றுக்குத்தான், அதை உங்கள் நாலைந்து குடும்பங்களே பார்த்துக்கொள்ளலாம். தொடங்கியபின் டிரஸ்ட் பெயரிலான வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள், ரசீது போடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அப்படி அல்ல.

வேலை முடிந்ததும் முடிவுச் சான்று வாங்குங்கள், மின் இணைப்புக்குக் கேட்பார்கள். பொது வழிபாட்டுத் தலங்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு உண்டு, அதில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குக் காவல் துறை அனுமதி. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் அளவு. கூம்பு ஸ்பீக்கர் வாங்கவே வாங்காதீர்கள். வழிபாட்டுக்கு மட்டும் பயன்படும் கட்டடத்துக்குச் சொத்துவரி விலக்கு உண்டு, அதற்கும் உள்ளாட்சியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னால் ஒரு ஹால் கட்டிக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு விலக்கு போய்விடும். கல்யாண மண்டபத்துக்குத் தாசில்தாரிடம் தனி உரிமமும் எடுக்க வேண்டிவரும். ஹால் வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்து முதல் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்த்தால் கலெக்டர் ஆபீஸ் படியை மறுபடியும் முதலிலிருந்து ஏற வேண்டியிருக்கும்.